எலும்பைப் பேச வைக்கும் கதிர்கள்

ரஷ்யாவின் தென் சைபீரியாவில் துவா என்றொரு குடியரசு உண்டு. அங்கே அர்ஜான் என்னும் இடத்திலுள்ள பெரிய மண்மேடு ஒன்றை 2001ஆம் ஆண்டு முதல் ரஷ்ய, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் தோண்டினார்கள். உள்ளே சிதிய இனத்து அரசன் ஒருவனின் கல்லறை இருந்தது. அவனைச் சுற்றி ஆயிரக்கணக்கான பொன் அணிகள் கிடந்தன. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன் அவன் இறந்தபோது வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருக்கலாம்.

பொன்னைக் காட்டிலும் எலும்புகள்தாம் மருத்துவ ஆராய்ச்சியாளர்களைக் கவர்ந்தன. முதுகெலும்பு, இடுப்பெலும்பு எனப் பல இடங்களில் எலும்பு இயல்புக்கு மாறாக வளர்ந்திருந்தது. எலும்பிலிருந்து புரதங்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் அவற்றில் இருந்தது. அரசனைக் கொன்றது புராஸ்டேட் சுரப்பியில் தோன்றி எலும்புகளுக்குப் பரவிய புற்றுநோய் என்று 2007ஆம் ஆண்டு அறிவித்தார்கள்.

அந்த அரசனுக்கு எலும்பில் வலி இருந்திருக்கும். ஆனால் காரணத்தைக் காட்ட அன்று யாராலும் முடியாது. இன்று புராஸ்டேட் புற்று இருப்பதாக ஒருவரிடம் சொல்லும் மருத்துவர் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி, "இது சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, எலும்புக்குப் போய்விட்டதா?" என்பதுதான். இதற்கு விடை தேட நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வரும் முறையை இக்கட்டுரையில் பார்ப்போம். இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் ஒரே மேசையில் சந்திக்கும் முறை அது.

சிறிய சுரப்பி, பெரிய தொல்லை

சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி வளையம் போல அமைந்திருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். ஆண்களுக்கு மட்டுமே உண்டு. வாலிப வயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். வயது ஏற ஏறப் பலருக்கும் இது பருத்துச் சிறுநீர்க் குழாயை நெருக்கும். முதியவர்கள் இரவில் பல முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். இந்தப் பருமன் புற்றுநோய் அன்று.

சிலருக்கு மட்டும் இச்சுரப்பியின் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குகின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் பதினான்கரை இலட்சம் பேருக்கு மேல் இப்புற்று கண்டறியப்பட்டது. இவர்களில் பெரும்பாலோருக்கு நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும். அந்நிலையில் அறுவை அல்லது கதிர் சிகிச்சையால் குணப்படுத்த முடியும். சில வகைகள் மிக மெதுவாக வளர்வதால் கண்காணித்து வந்தாலே போதும். ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் அன்றே அது எலும்புக்குப் போய்விட்ட மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சைப் பாதையே வேறு. ஆகவே முதலில் சுரப்பிக்கு வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது.

விதையும் நிலமும்

புற்றுச் செல்கள் இரத்தத்தில் மிதந்து உடல் முழுதும் போகின்றன என்றால், எல்லா உறுப்புகளிலும் சமமாக அல்லவா தங்க வேண்டும்? ஏன் எலும்பை விரும்புகின்றன?

1889ஆம் ஆண்டு ஸ்டீபன் பாஜெட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இதே ஐயத்தை எழுப்பினார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். சில உறுப்புகளில் அடிக்கடியும் சிலவற்றில் அரிதாகவும் புற்று பரவியிருந்தது. செடியின் விதை எல்லாத் திசைகளிலும் சிதறினாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும். புற்றுச் செல்லும் அப்படித்தான் என்று அவர் விளக்கினார்.

1940இல் ஆஸ்கார் பேட்சன் என்னும் அமெரிக்க உடற்கூற்றறிஞர் இன்னொரு விளக்கம் தந்தார். இடுப்புப் பகுதியின் சிரைகள் முதுகெலும்பைச் சுற்றியுள்ள ஒரு சிரை வலையோடு இணைந்துள்ளன. இந்த வலையில் வால்வுகள் இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். அப்போது இரத்தம் இதயத்துக்குப் போகும் வழியை விட்டு முதுகெலும்புப் பக்கம் திரும்பக்கூடும். புராஸ்டேட் செல் ஒன்று நேராக முதுகெலும்புக்குச் செல்ல இது குறுக்கு வழியாகும்.

நிலமா, வழியா என்ற வாதத்தில் இரண்டிலும் உண்மை இருப்பதாகவே இன்று கருதுகிறார்கள். வயது வந்தவர்களின் உடலில் இரத்த அணுக்களை உண்டாக்கும் சிவப்பு மஜ்ஜை முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு, தொடை எலும்பின் மேல்முனை ஆகிய இடங்களில் மிகுதி. புராஸ்டேட் புற்று முதலில் குடியேறுவதும் பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

எலும்பு கல் அன்று

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்து எலும்பை உயிரற்ற கல் என்று எண்ணிவிடாதீர்கள். உயிருள்ள எலும்பு ஓயாமல் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வரும் வீடு போன்றது. அதில் ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. இன்னொரு வகைச் செல்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. நம் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதிதாகிறது.

இடிப்போரும் கட்டுவோரும் ஒரே வேகத்தில் வேலை செய்யும் வரை தொல்லை இல்லை. புற்றுச் செல்கள் குடியேறினால் இந்தச் சமநிலை கெடுகிறது. சில புற்றுகளில் இடிப்பவர் கை ஓங்கும். எலும்பில் ஓட்டை விழும். புராஸ்டேட் புற்றில் பெரும்பாலும் கட்டுபவர் கை ஓங்குகிறது. வேண்டாத இடத்தில் ஒழுங்கில்லாத புதிய எலும்பு குவிகிறது. சைபீரிய அரசனின் எலும்பில் கண்டதும் இதுவே. குவிந்த எலும்பு உறுதியானது என்று நினைக்க வேண்டாம். மேஸ்திரி இல்லாமல் அடுக்கிய செங்கல் சுவரைப் போல அது எளிதில் உடையும்.

எக்ஸ்ரே இதைக் காட்டாதா? காட்டும், ஆனால் தாமதமாகத்தான். எலும்பின் ஓரிடத்தில் தாதுப்பொருள் 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரே படத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. எக்ஸ்ரே எலும்பின் தோற்றத்தைக் காட்டுகிறது. நமக்குத் தேவையோ எலும்பின் வேலையைக் காட்டும் கருவி. எங்கே கட்டுமானம் மும்முரமாக நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

மண்ணில் தேடிக் கிடைக்காத தனிமம்

1871இல் ருஷ்ய அறிஞர் மெண்டலீவ் தம் தனிம அட்டவணையில் மாங்கனீஸுக்குக் கீழே ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டார். அணு எண் 43. அத்தனிமத்தைப் பலர் தாதுக்களில் தேடினர். கிடைத்துவிட்டதாகச் சொன்னவர்களின் கூற்று எதுவும் நிலைபெறவில்லை.

1937இல் இத்தாலியின் பலெர்மோ நகரிலிருந்த எமிலியோ செக்ரேக்குக் கலிபோர்னியாவிலிருந்து தபாலில் ஒரு மாலிப்டினத் தகடு வந்தது. சைக்ளோட்ரானைக் கண்டுபிடித்த லாரன்ஸ் அனுப்பியது அது. அவருடைய சைக்ளோட்ரானில் பல மாதங்கள் துகள்களின் தாக்குதலுக்கு உள்ளான பழைய உறுப்பு. அதிலே செக்ரேயும் கார்லோ பெரியரும் 43ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். செயற்கையாகக் கிடைத்த முதல் தனிமம் இதுவே. 'செயற்கையான' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு டெக்னீஷியம் என்று பெயர் வைத்தார்கள். அதன் ஐசோடோப்புகள் எல்லாமே கதிரியக்கம் உள்ளவை. உலகம் தோன்றியபோது அது இருந்திருந்தாலும் என்றோ சிதைந்து போயிருக்கும்.

மறு ஆண்டே செக்ரேயும் சீபோர்க்கும் டெக்னீஷியம்-99எம் என்னும் வடிவத்தைக் கண்டார்கள். முடிவிலுள்ள 'எம்' என்ற எழுத்தைக் கவனியுங்கள். அணுக்கரு தனக்குத் தேவையானதைவிட அதிக ஆற்றலோடு, மாடிப்படியில் நிற்பவரைப் போல, சிறிது காலம் தங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கீழே இறங்கும்போது மிகுதியான ஆற்றலைக் காமாக் கதிராக வீசுகிறது. அக்கதிரின் ஆற்றல் சுமார் 1,40,000 எலெக்ட்ரான் வோல்ட். உடலைத் துளைத்து வெளியே வர அது போதும். கருவியில் பிடிபடாமல் தப்பியோடும் அளவுக்கு அதிகமும் இல்லை. அரை ஆயுள் 6 மணி நேரம். காலையில் கொடுத்துப் பகலில் படம் எடுக்கலாம். மறுநாள் காலையில் பதினாறில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். மருத்துவத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை போல அமைந்த ஐசோடோப்பு இது.

தினமும் கறக்கும் பசு

ஆனால் ஒரு சங்கடம். ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருளைத் தொலைவிலுள்ள அணு உலையிலிருந்து மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டு வருவது?

இதற்கு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தார் 1950களின் இறுதியில் அழகான வழி கண்டார்கள். டெக்னீஷியத்தை அனுப்பாதே, அதன் தாயை அனுப்பு! தாய் யார்? மாலிப்டினம்-99. அணு உலைகளில் உண்டாகும் இதன் அரை ஆயுள் 66 மணி நேரம். அது சிதைந்து சிதைந்து டெக்னீஷியம்-99எம் ஆக மாறிக்கொண்டே இருக்கும்.

ஈயக் கவசத்துக்குள் ஒரு சிறு கண்ணாடிக் குழாய். அதில் அலுமினா தூள். மாலிப்டினம் அலுமினாவை இறுகப் பற்றிக்கொள்ளும். அதிலிருந்து பிறக்கும் டெக்னீஷியமோ அவ்வளவாக ஒட்டாது. மேலே உப்பு நீரை விட்டால் டெக்னீஷியம் மட்டும் கரைந்து கீழே வந்துவிடும். தாய் அங்கேயே இருந்து மீண்டும் பிள்ளை பெறும். சுமார் ஒரு நாள் பொறுத்தால் மறுபடி முழு அளவு சேர்ந்துவிடும். அணு மருத்துவத் துறையினர் இக்கருவிக்குப் 'பசு' என்றே செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் 'பால் கறந்து' அன்றைய நோயாளிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். தாயின் கதிரியக்கம் குறையக் குறையப் பாலும் குறையும். ஆகையால் ஓரிரு வாரத்தில் புதிய பசு தேவைப்படும்.

கறந்த டெக்னீஷியத்துக்கு எலும்பின் முகவரி தெரியாது. அதைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒரு வேதிப்பொருள் வேண்டும். 1971இல் அமெரிக்காவில் கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும் பாஸ்பேட் சேர்மம் ஒன்றோடு டெக்னீஷியத்தைப் பிணைத்துக் காட்டினார்கள். எலும்பின் தாதுப்பொருளில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருப்பது உங்களுக்குத் தெரியும். புதிய எலும்புப் படிகங்கள் உருவாகும் பரப்பில் இச்சேர்மம் ஒட்டிக்கொள்கிறது. சில ஆண்டுகளில் இன்னும் சிறந்த டைபாஸ்போனேட் சேர்மங்கள் வந்தன. அவையே இன்றுவரை பயன்படுகின்றன.

படம் எடுக்கும் விதம்

நோயாளியின் கைச் சிரையில் ஊசி மூலம் மருந்து செலுத்தப்படுகிறது. அதன் பின் இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். மருந்தில் ஏறத்தாழ பாதி எலும்பில் படியும். மற்றது சிறுநீரகங்கள் வழியாக வெளியேறும். பிறகு நோயாளி மேசையில் அசையாமல் படுத்துக்கொள்ள, காமாக் காமிரா அவர் உடல் நெடுகிலும் நகர்ந்து படம் எடுக்கிறது.

இக்காமிராவைக் கண்டுபிடித்தவர் ஹால் ஆங்கர். இதில் சாதாரணக் காமிராவைப் போல லென்ஸ் இல்லை. காமாக் கதிரை லென்ஸால் குவிக்க முடியாதே! அதற்குப் பதிலாகத் தேன்கூடு போல நுண்துளைகள் கொண்ட ஈயத் தகடு இருக்கிறது. துளைக்கு நேராக வரும் கதிர் உள்ளே நுழையும். சாய்ந்து வருவதை ஈயம் விழுங்கிவிடும். நுழைந்த கதிர் பெரிய சோடியம் அயோடைடு படிகத்தில் மோதி ஒரு மின்னலை உண்டாக்கும். படிகத்தின் பின்னே அடுக்கிய ஒளிபெருக்கிக் குழாய்களில் எதில் எவ்வளவு ஒளி விழுந்தது என்று கணக்கிட்டு, மின்னல் தோன்றிய இடத்தைக் கருவி குறித்துக்கொள்கிறது. இப்படி இலட்சக்கணக்கான மின்னல்களைச் சேர்த்தால் எலும்புக்கூட்டின் படம் உருவாகிறது.

எக்ஸ்ரேக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தீர்களா? எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடலுக்குள் போகிறது. இங்கே கதிர் உடலுக்குள்ளிருந்து வெளியே வருகிறது.

'உடலுக்குள் கதிரியக்கப் பொருளா?' என்று அஞ்சுகிறீர்களா? ஒரு கணக்குப் போடுவோம். வழக்கமாகச் செலுத்தும் அளவு விநாடிக்குச் சுமார் 74 கோடி சிதைவுகள். அரை ஆயுளைக் கொண்டு கணக்கிட்டால் அத்தனை டெக்னீஷியம்-99எம் அணுக்களின் மொத்த எடை ஒரு கிராமின் நூறு கோடியில் நான்கு பங்குதான்! அவை ஆற்றலை இழந்து சாதாரண டெக்னீஷியம்-99 ஆகும்போது அரை ஆயுள் சுமார் 2,11,000 ஆண்டுகள். 'ஐயோ, அத்தனை காலமா?' என்று தோன்றும். ஆனால் அரை ஆயுள் நீண்டால் சிதைவு வேகம் குறையும் அல்லவா? எனவே அவற்றிலிருந்து விநாடிக்கு ஒருசில சிதைவுகளே நிகழும். நம் ஒவ்வொருவர் உடலிலும் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம்-40 விநாடிக்குச் சில ஆயிரம் முறை சிதைந்துகொண்டிருக்கிறது. மொத்தத்தில் இச்சோதனையால் கிடைக்கும் கதிர்வீச்சு, ஓரிரு ஆண்டுகளில் இயற்கையிலிருந்து நாம் பெறுவதற்கு ஒப்பானது. தேவையின்றிச் செய்யக்கூடாது, தேவைப்படும்போது அஞ்சவும் கூடாது.

கறுப்புப் புள்ளி என்ன சொல்கிறது?

மருந்து அதிகம் சேர்ந்த இடம் படத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதைக் கண்டதும் 'புற்று!' என்று சொல்லிவிடலாமா? கூடாது. இக்கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒரே செய்தி இதுதான்: இந்தப் படம் புற்றுச் செல்லைக் காட்டுவதில்லை. எலும்பு ஏதோ ஒன்றுக்குத் தந்த பதிலை மட்டுமே காட்டுகிறது.

சென்ற மாதம் படியில் வழுக்கி விழுந்து விலா எலும்பில் விரிசல் கண்டவருக்கும் அங்கே கறுப்புப் புள்ளி தெரியும். எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. தேய்ந்த முழங்கால் மூட்டிலும் தெரியும். வரிசையாக நாலு விலா எலும்புகளில் ஒரே கோட்டில் புள்ளிகள் இருந்தால் அது பெரும்பாலும் விழுந்த அடி. முதுகெலும்பிலும் இடுப்பிலும் விலாவிலுமாக ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால் ஐயம் வலுக்கும். சந்தேகமான இடத்தை வேறு படங்கள் எடுத்தும், சில வேளை எலும்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்தும் உறுதி செய்வார்கள்.

இன்னும் இரண்டு விந்தைகள் உண்டு. நோய் எலும்புக்கூடு முழுதும் பரவிவிட்டால் எல்லா எலும்புகளும் ஒரே சீராகக் கறுத்துவிடும். தனிப் புள்ளியே இராது. அனுபவமற்றவர் பார்த்தால் நல்ல படம் போலத் தோன்றும். எலும்பே மருந்தையெல்லாம் உறிஞ்சிவிடுவதால் சிறுநீரகங்கள் படத்தில் மங்கிவிடும். அந்தக் குறிப்பைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது விந்தை: சிகிச்சை நன்றாக வேலை செய்யும்போது, ஆறும் எலும்பு மும்முரமாகத் தன்னைக் கட்டிக்கொள்வதால், முதல் சில மாதங்களில் புள்ளிகள் இன்னும் கறுக்கலாம், புதிய புள்ளிகள்கூடத் தோன்றலாம். நோய் முற்றிவிட்டதென்று எண்ணி நல்ல மருந்தை நிறுத்திவிட்டால் என்னாகும்!

எல்லோருக்கும் ஸ்கேன் தேவையா?

புராஸ்டேட் புற்று கண்ட ஒவ்வொருவருக்கும் எலும்பு ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் கணக்குப் பாடம் உதவுகிறது.

அரசனின் எலும்பில் கண்ட பி.எஸ்.ஏ. புரதத்தை இன்று இரத்தத்தில் அளக்கிறோம். அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் புதிதாக நோய் கண்ட 521 பேரின் விவரங்களை ஆராய்ந்து 1991இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பி.எஸ்.ஏ. அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமோ அதற்குக் குறைவோ இருந்தவர்கள் 306 பேர். அவர்களில் எலும்பு ஸ்கேனில் பரவல் தெரிந்தது ஒரே ஒருவருக்குத்தான்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பரவல் மிக அரிதான 1,000 பேர். உண்மையில் 5 பேருக்கு மட்டுமே எலும்பில் புற்று. ஸ்கேன் அந்த ஐவரையும் பிடித்துவிடட்டும். மீதமுள்ள 995 பேரில் நூற்றுக்கு ஐந்து பேருக்குப் பழைய அடி, மூட்டுத் தேய்மானம் முதலியவற்றால் சந்தேகப் புள்ளி தெரியட்டும். அது சுமார் 50 பேர். ஆக, 55 பேரை 'உங்களுக்கு எலும்பிலும் இருக்கலாம்' என்று கலங்க வைக்கிறோம். அவர்களில் 50 பேருக்கு ஒன்றுமில்லை! இனி, பரவல் மிகுந்த வேறு 1,000 பேர். 300 பேருக்கு உண்மையாகவே எலும்பில் புற்று. அதே ஸ்கேன் அந்த 300 பேரையும் காட்டும். வீண் அச்சம் 35 பேருக்கு மட்டுமே. கருவி ஒன்றே, பிழை விகிதமும் ஒன்றே. ஆனால் கறுப்புப் புள்ளியின் பொருள் மாறிவிட்டது. ஆகவேதான் பி.எஸ்.ஏ. குறைவாகவும், புற்றுச் செல்களின் தோற்றம் சாதுவாகவும், எலும்பு வலி இல்லாமலும் இருப்பவர்களுக்கு இச்சோதனை தேவையில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். அபாயம் மிகுந்தவர்களுக்கு அவசியம் எடுக்கிறார்கள்.

புள்ளிகளை எண்ணுவதன் பயன்

எலும்புக்குப் பரவியது தெரிந்து என்ன பயன், செய்வதற்கு ஏதும் உண்டா? உண்டு. 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் ஒரு பெரிய உண்மையை வெளியிட்டார்கள். புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனை உண்டு வளர்கிறது. அந்த ஹார்மோனை நிறுத்தினால், எலும்புக்குப் பரவிய பின்னரும் நோய் சுருங்குகிறது, வலி தணிகிறது. இதற்காக ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் சிகிச்சையின் அடித்தளம் இதுவே. அதோடு 2015க்குப் பின் வேறு மருந்துகளையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்து, நோயாளிகளின் ஆயுள் மேலும் நீண்டிருக்கிறது.

புள்ளிகளின் எண்ணிக்கையும் சிகிச்சையை மாற்றுகிறது. பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் நோய் பரவிய 2,061 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியாயிற்று. புராஸ்டேட் சுரப்பிக்கும் கதிர் சிகிச்சை தருவதால், பரவல் குறைவாக இருந்தவர்களில் மூன்றாண்டு உயிர் வாழ்ந்தோர் 73 சதவீதத்திலிருந்து 81 சதவீதமாக உயர்ந்தனர். பரவல் மிகுந்தவர்களுக்கு அப்பயன் இல்லை. நாலு புள்ளியா, நாற்பதா என்று பொறுமையாக எண்ணிய கண்களுக்கு இதில் பங்குண்டு.

பிரான்சின் அதிபராயிருந்த மித்தெரான் கதை பலருக்குத் தெரியாது. 1981 மே மாதம் தேர்தலில் வென்ற அவர், தம் உடல்நிலை பற்றிய அறிக்கையை ஒழுங்காக வெளியிடுவதாக வாக்களித்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவருக்குப் புராஸ்டேட் புற்று இருப்பதும், அது அப்போதே எலும்புக்குப் பரவிவிட்டதும் தெரிந்தன. இச்செய்தி நாட்டுக்கு மறைக்கப்பட்டது. புற்று இருப்பது 1992இல்தான் வெளியாயிற்று. பரவலின் கதையோ அவர் இறந்த பிறகு அவருடைய மருத்துவரின் நூலால் தெரிய வந்தது. ஹார்மோன் சிகிச்சையோடு இரண்டு பதவிக் காலங்களையும் முடித்து, 1996 ஜனவரியில் அவர் காலமானார். நோய் கண்டபின் பதினான்கு ஆண்டுகள்! எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. ஆனால் எலும்புக்குப் பரவியது என்றால் எல்லாம் முடிந்தது என்று பொருளில்லை. 2025 மே மாதம் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு இதே நிலை ஏற்பட்டபோது அவரது அலுவலகம் சில நாட்களிலேயே உலகுக்கு அறிவித்துவிட்டது. இந்நோயைப் பற்றிப் பேசும் துணிவு வளர்ந்திருக்கிறது.

புதிய கண்கள்

எலும்பின் பதிலைப் பார்ப்பதற்குப் பதிலாகப் புற்றுச் செல்லையே நேரில் பார்க்க முடியாதா? அதற்கும் வழி வந்துவிட்டது. புராஸ்டேட் புற்றுச் செல்லின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் மிகுதியாக உள்ளது. அதைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறோடு காலியம்-68 என்னும் கதிரியக்க அணுவைப் பிணைத்துச் செலுத்துகிறார்கள். காலியம் வெளியிடும் பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானோடு மோத, இரண்டும் மறைந்து எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் பாய்கின்றன. இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால் அவை கிளம்பிய கோடு தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் அபாயம் மிகுந்த 302 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. இப்புதிய முறையின் துல்லியம் 92 சதவீதம். எலும்பு ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம்.

எனினும் பழைய பசு ஓய்வு பெறவில்லை. செலவு குறைவு, எளிதில் கிடைப்பது, இதுவரை வந்த ஆய்வுகளில் பல அதன் படத்தைக் கொண்டே நடந்தது ஆகிய காரணங்களால் எலும்பு ஸ்கேன் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காக ஒரு சொல். முதுகு வலி எல்லாம் புற்று அன்று. பெரும்பாலும் சுளுக்கும் தேய்மானமும்தான். ஆனால் வயதானவருக்கு வாரக்கணக்கில் நீடித்து, படுத்தாலும் தணியாமல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி இருந்தால் தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதுகு வலியோடு கால்கள் வலுவிழந்தாலோ, மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். அன்றே, அந்த மணியிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எலும்பு ஸ்கேன் எடுக்கும் முன் மருத்துவர் "கீழே விழுந்தீர்களா? எப்போதாவது எலும்பு முறிந்ததா?" என்று கேட்பார். தாத்தா மறந்திருப்பார், பக்கத்தில் நிற்கும் நீங்கள் நினைவூட்டுங்கள். அவர் போன மாதம் திண்ணையிலிருந்து விழுந்ததை நீங்கள் சொன்னால், படத்திலுள்ள ஒரு கறுப்புப் புள்ளிக்குச் சரியான பொருள் கிடைத்துவிடும்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: காலை 9 மணிக்கு ஊசி போட்டவருக்குப் பகல் 12 மணிக்குப் படம் எடுக்கிறார்கள். சிதைவை மட்டும் கணக்கில் கொண்டால், அப்போது டெக்னீஷியம்-99எம் எத்தனை சதவீதம் எஞ்சியிருக்கும்? மூன்று மணி நேரம் அரை ஆயுளில் பாதி. ஆனால் விடை 75 அன்று. ஏன் என்று உங்கள் ஆசிரியரோடு பேசிப் பாருங்கள்.